சவுக்காரமும் சருமமும்

துணி துவைத்த பின் கை எரிந்தால், சலவைத் தூளில் திராவகம் ஏதோ கலந்திருக்கிறது என்று பழிப்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் விஷயம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சோரன்சென் என்னும் ரசாயன விற்பன்னர் 1909இல் வகுத்த பி.எச். அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் ஏறினாலே பத்து மடங்கு வித்தியாசம். ஆரோக்கியமான சருமத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 என்ற அளவில் சுபாவமாகவே சற்று அமிலமானது. சாதாரண சோப்பு நீரோ 9, 10 என்றும், சலவைச் சோடா சேர்ந்த தூளின் கரைசல் அதற்குச் சற்று மேலேயும் நிற்கும்.

ஜெர்மானிய வைத்தியர்களான ஷாடேயும் மார்க்கியோனினியும் 1928இல் ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்ட இந்த இயற்கைக் கவசத்தின் அடியில், ஓலை வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் உயிரற்ற செல்களையும், அவற்றின் இடுக்குகளை அடைத்துள்ள கொழுப்பையும் காரம் தாக்கும்பொழுது, செல்கள் ஊதிப் பெருக்கின்றன; கொழுப்பை உண்டாக்கும் நொதிகள் சோர்கின்றன; செல்களைப் பிரித்து உதிர்க்கும் நொதிகளோ வேகம் கொள்கின்றன; ஈரம் வெளியேற, எரிச்சலூட்டும் பதார்த்தங்கள் உள்ளே புகுகின்றன. ஒரு முறை கழுவினால் சில மணி நேரத்தில் சருமம் தன் அமில நிலையை மீட்டுக்கொள்ளும். நாள் முழுதும் பாத்திரம் துலக்குகிற கைக்கு அந்த அவகாசம் ஏது?

எனினும் காரம் ஒன்றே குற்றவாளி அன்று. சோடியம் லாரில் சல்பேட் என்னும் நுரைப்பொருள் கிட்டத்தட்ட நடுநிலையானதாயினும், சரும எரிச்சலைச் சோதிக்கும் நிபுணர்கள் வேண்டுமென்றே எரிச்சலூட்டுவதற்குப் பிரயோகிப்பது அதையே. ஆகவே உறையில் ‘5.5’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி நிச்சிந்தையாய் இருத்தல் தகாது. அதேபோல், காரத்துக்கு மாற்றென்று வெடித்த விரல்களில் எலுமிச்சை பிழிவதும் விபரீதமே. அதன் சாறு 2 என்ற அளவில், சருமத்தைக் காட்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கடுமையான அமிலமாகும்.

சோப்பினால் வரும் இந்தக் கை எரிச்சல் பெரும்பாலும் தோன்றும் இடம் மோதிரத்தின் அடியும் விரலிடுக்குமே. சோப்பு தங்குவதும், அலசும் நீர் எட்டாததும் அங்கேதான். எனவே மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் துவைப்பதும், நல்ல தண்ணீரில் கைகளை நன்றாக அலசித் துடைப்பதும், உடனே சிறிது எண்ணெய் தடவுவதும், விலையுயர்ந்த சோப்பைத் தேடி அலைவதைவிட அதிகப் பயன் தரும்.