நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் களைப்பு: ரெய்கி உதவுமா?



நம் ஊரில் செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் நடப்பவர்களுக்கு 'ரெய்கி' என்ற சொல் புதிதல்ல. வெளிநாட்டவர் வந்து தங்கும் மாதங்களில் யோகா, தியானம், ரெய்கி என்று எழுதிய தாள்கள் சுவர்களில் ஒட்டியிருக்கும். இதுநாள்வரை அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போனோம். இப்போது அந்தச் சொல் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரை ஆண்டுக் கணக்கில் பார்த்துவரும் ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார்: "உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போச்சு. ரெய்கி கத்துக்கிட்டா நம்மளே நமக்குச் செஞ்சுக்கலாமாமே, போகலாமா?" இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

ரெய்கி ஜப்பானில் பிறந்தது. மிகாவோ உசுயி என்பவர் 1922ஆம் ஆண்டு, கியோட்டோ அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்து தியானம் செய்த பிறகு இந்த முறையைக் கண்டடைந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் 1926இல் இறந்தார். அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷி. அவரிடம் கற்றவர் ஹவாயோ தகாதா. இந்த அம்மையார்தான் 1930களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் இதைக் கொண்டுசென்றார். 'மாஸ்டர்' ஆவதற்கு அவர் வாங்கிய கட்டணம் 10,000 டாலர். 1980இல் அவர் காலமானபோது அவரிடம் பயின்ற மாஸ்டர்கள் 22 பேர் இருந்தார்கள். இன்று நகரத்துக்கு நகரம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள்.

செய்முறை எளிது. படுத்திருப்பவரின் தலை, நெஞ்சு, வயிறு என ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் உள்ளங்கையை மெதுவாக வைப்பார்கள், அல்லது சற்று மேலே பிடிப்பார்கள். அழுத்துவதில்லை, பிசைவதில்லை. ஒரு மணி நேரம்போல ஆகும். பிரபஞ்சத்தில் உள்ள உயிராற்றல் கைவழியாகப் பாய்ந்து உடலைச் சீராக்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த ஆற்றலைப் பெற மாஸ்டர் ஒரு சடங்கின் மூலம் மாணவரைத் 'திறந்துவிட' வேண்டும். இரண்டாம் நிலையில் சில குறியீடுகளும் கற்றுத்தரப்படும்.

அப்படி ஓர் ஆற்றல் இருப்பதை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. ரெய்கியின் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க 'சிகிச்சைத் தொடுகை' என்ற முறையை அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். நடுவே ஓர் அட்டையை வைத்து மறைத்துவிட்டு, அந்த முறையில் பயிற்சி பெற்ற 21 பேரை இரு கைகளையும் அட்டைக்கு அப்பால் நீட்டச் சொன்னாள். தன் கையை அவர்களின் ஒரு கைக்கு மேலே பிடித்து, எந்தக் கையருகே ஆற்றலை உணர்கிறீர்கள் என்று கேட்டாள். 280 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது. ரெய்கியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடும், எந்த நோய்க்கும் அது பலன் தரும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றே முடிந்தது. நம் நாட்டு ஆயுஷ் அமைச்சகத்தின் பெயரில் அடங்கிய மருத்துவ முறைகளிலும் ரெய்கி இல்லை. சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நோயாளியின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யாரையும், அவர் எந்தப் பெயரில் வந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்பதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. கேட்கப் போகிறவர்கள் 'கை வைத்து ஓய்வெடுக்கும் பயிற்சி' என்று பாதியை மட்டும் சொல்லாமல், பிரபஞ்ச ஆற்றல், திறந்துவிடும் சடங்கு, குறியீடுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே என்ற நம் நம்பிக்கையை இவைதான் தொடுகின்றன. இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009இல் இதை ஆராய்ந்து, அறிவியலும் ஏற்கவில்லை, எங்கள் மதமும் ஏற்கவில்லை என்று தம் மருத்துவமனைகளுக்கு எழுதினார்கள்.

அப்படியானால் ரெய்கி செய்துகொண்ட பலர் 'நிம்மதியாக இருந்தது' என்று சொல்வது பொய்யா? பொய்யல்ல. ஒரு மணி நேரம் ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. மூச்சு நிதானமாகிறது. இன்னொரு மனிதரின் இதமான கை அவர்மேல் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இது கிடைத்தால் நிம்மதி வராமல் என்ன செய்யும்? மருந்து அந்த ஒரு மணி நேரம்தான். அதைக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் களைப்பை 'வேலை செஞ்ச அலுப்பு' என்று தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒஹாயோவில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம் செய்து ஆறும் நாட்களைக் கணக்கிட்டார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு ஏறக்குறைய 49 நாட்கள் ஆயின. 1999இல் வந்த மற்றோர் ஆய்வு, துணைவரைப் பராமரித்து மனஅழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. படுக்கையில் இருப்பவரைவிட, அருகில் நிற்பவர் முந்திக்கொள்ளவும் கூடும்.

சல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற நிகழ்ச்சியை ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள். இரவெல்லாம் தொழ நின்றவரை உறங்க வைத்து, இறைவனுக்கு இருப்பதுபோல் உன் உடலுக்கும் குடும்பத்துக்கும் உன்மேல் உரிமை உண்டு என்று அவர் சொன்னதும், அதை நபி (ஸல்) அவர்கள் சரியென்று ஏற்றதும் புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்துக்கே அந்த அளவு என்றால், பணிவிடை செய்பவர் கொஞ்ச நேரம் படுப்பதைக் குற்றமாகப் பார்க்கும் வீடுகள் யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. நோயாளி உறங்கும் நேரம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்; பெரும்பாலும் லுஹருக்குப் பிறகு அமையும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். ஒளுச் செய்துவிட்டு, பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். எண்ணுவதற்குப் பதிலாக திக்ரை மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்தால் இதயத் துடிப்பும் நரம்புகளும் தணியத் தொடங்கும். இத்தாலியில் ஜெபமாலை உருட்டிச் செபித்தவர்களை ஆராய்ந்தபோதும் மூச்சு இதே அளவுக்கு வந்திருந்தது. 2001இல் அது வெளியானது. நம் தஸ்பீஹையும் ஓட்டமாக உருட்டாமல் நிதானமாக ஓதிப் பாருங்கள். இருபது நிமிடம் போதும். இடையில் உறங்கிவிட்டால் இன்னும் நல்லது.

பாதி அலுப்பு இடுப்பிலிருந்து வருகிறது. படுத்திருப்பவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவருக்கு அடியில் ஒரு கெட்டியான துணியை மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்துத் திருப்புங்கள். குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம் பெரிய உதவி. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தையும் உதவும்.

ஆனால் அந்த இருபது நிமிடம் நோயாளி அருகில் யார் இருப்பது? இங்கேதான் எல்லா ஆலோசனையும் உடைந்துபோகிறது. பல வீடுகளில் உம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் தருவதோடு மகன்களின் கடமை முடிந்துவிடுகிறது. மலம் சிறுநீர் எடுப்பது முழுக்க மருமகள் தலையில். வேலைக்குப் போய்விட்டு இரவு வரும் மகன், இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தாயருகே உட்காரலாம், சாப்பாடு ஊட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர், வாரத்தில் இரண்டு நாள் துணைக்கு ஓர் ஆயாவை அமர்த்தப் பணம் அனுப்பலாம். வருகிற உறவினர்கள் பழம் வாங்கி வந்து, அரை மணி நேரம் நோயைப் பற்றியே பேசி, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த டீயையும் பராமரிப்பவரே போட வேண்டியிருக்கிறது! "நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பழத்தைவிடப் பெரியது.

கேரளத்தில் இதை ஊரே சேர்ந்து செய்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சிறு வலி நிவாரண அமைப்பாகத் தொடங்கியது, பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். மாணவர், வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர் எல்லோரும் அதில் உண்டு. நம் முஹல்லாக்களிலும் இது முடியும். பெண் நோயாளிகள் இருக்கும் வீட்டுக்குப் பெண்களே போக வேண்டும் என்பதால் சகோதரிகள் முன்வருவது அவசியம். வாரம் இரண்டு மணி நேரம் தர முடிந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

ஓய்வெடுத்தும் தீராத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை, நோயாளியை அடித்துவிடுவோமோ என்ற பயம், 'நாம் இல்லாவிட்டால் நல்லது' என்ற எண்ணம் – இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஈமான் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். இது நோய், மருந்து உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, இலவசம், தமிழில் பேசலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பௌர்ணமியன்று ஊருக்குள் ஆட்டோ கிடைப்பது சிரமம். மருந்து, சிறுநீர்ப் பை, டயாப்பர் எல்லாவற்றையும் இரண்டு நாள் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.