மாத்தளையின் செவ்வரத்தை வேலி

மாத்தளைத் தோட்டங்களில் லயத்து வாசலோரம் நிற்கும் செவ்வரத்தையும் வெட்சியும் நந்தியாவட்டையும், கண்ணுக்கு அழகூட்டுவதோடு அம்மன் பூஜைக்குப் புஷ்பமளிக்கும் நித்திய கைங்கரியமும் உடையவை என்பதால், அவற்றைப் பேணும் முறை அறியத்தக்கது. செவ்வரத்தைப் பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே பகல்தான். எனினும் புதுத் தளிரிலேயே அது அரும்புமாதலால், ஐப்பசி மழைக்கு முன் பழங்கிளைகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டால், கவனிப்பாரற்று நெட்டையாய் வளர்ந்த செடியும் கிளைத்துச் செழிக்கும். வெட்டிய கிளையில் பென்சில் பருமனுள்ள துண்டை, இரண்டு கணுக்கள் மண்ணில் புதையுமாறு நிழலில் நட்டால் வேர்விடும். தேயிலைக்கு உகந்த அமில மண்ணே வெட்சிக்கும் பிரியமானது. சுண்ணாம்பு கரைந்திறங்கும் சுவரோரம் அதை வைத்தாலோ, இளந்தளிர்கள் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கக் காணலாம். அத்தகைய செடிக்கு எருவைக் காட்டிலும் இடமாற்றமே ஔஷதம்.