தெளிவுக்கு விலை இருள்: விளையாட்டுத் திரைகளின் சிமிட்டல் சிக்கல்

கணினி விளையாட்டுகளுக்கென்றே விற்கப்படும் திரைகளில், 'அசைவு மங்கலைக் குறைக்கும்' வசதி ஒன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக இடம்பெற்று வருகிறது. விரைந்து நகரும் உருவங்களை அது வியக்கத்தக்க அளவு கூர்மையாகக் காட்டுகிறது. ஆனால் அந்தக் கூர்மை, திரையின் பின்னொளியை விநாடிக்கு நூறு தடவைக்கும் மேலாக அணைத்து ஏற்றுவதன் மூலமே கிடைக்கிறது. சிலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. வேறு சிலருக்கோ கண் வலியும் தலைவலியும் உண்டாகின்றன.

இந்த வசதியை விற்பவர்கள் கூர்மையைப் பெரிய எழுத்தில் அறிவிக்கிறார்கள். சிமிட்டலைப் பற்றி அதே அளவுக்குப் பேசுவதில்லை. பொழுதுபோக்குக் கருவி ஒன்றின் நுணுக்கமாகத் தோன்றும் இந்த விடயத்தில், நுகர்வோரின் உடல்நலமும் தகவல் அறியும் உரிமையும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன.

உறைந்து நிற்கும் படங்கள்

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் மங்கல் குறித்து எவரும் பெரிதாக முறையிட்டதில்லை. எலெக்ட்ரான் கற்றை திரையின் ஒரு புள்ளியைத் தொட்டதும் அது பளிச்சென ஒளிர்ந்து, மிகச் சிறிது நேரத்திலேயே மங்கிவிடும். அடுத்த படம் வரும்வரை அந்தப் புள்ளி ஏறக்குறைய இருண்டே இருக்கும். அதாவது, அந்தத் திரைகள் இயல்பாகவே சிமிட்டிக் கொண்டிருந்தன.

அவற்றுக்குப் பின் வந்த எல்.சி.டி. திரைகள் வேறு முறையில் இயங்குகின்றன. ஒரு படம் வந்ததும் அடுத்த படம் வரும்வரை அதையே அசையாமல் காட்டிக் கொண்டிருக்கும். விநாடிக்கு 60 படங்களைக் காட்டும் திரையில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடிகள் உறைந்து நிற்கிறது.

மனிதக் கண் அவ்வாறு நிற்பதில்லை என்பதே சிக்கலின் வேர். திரையில் ஓடும் உருவத்தைக் கண் தொடர்ச்சியாகப் பின்தொடர்கிறது. கண் நகர்ந்து கொண்டிருக்கும்போது படம் ஒரே இடத்தில் நிற்பதால், விழித்திரையின் மீது அந்தப் படம் இழுபட்டுப் பூசப்படுகிறது. இதுவே நாம் காணும் மங்கல்.

இதன் அளவை எளிய கணக்கில் அறியலாம். ஓர் உருவம் விநாடிக்கு 1,000 பிக்சல் வேகத்தில் நகர்வதாகக் கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அதன் விளிம்பு ஏறக்குறைய 17 பிக்சல் அகலத்துக்கு மங்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் அது 8 பிக்சலாகவும், 240 ஹெர்ட்ஸ் திரையில் 4 பிக்சலாகவும் குறையும். படம் ஒரே ஒரு மில்லி விநாடி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் மங்கலும் ஒரு பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

எல்.சி.டி. திரைகளின் ஆரம்ப காலத்தில், பிக்சல்கள் நிறம் மாற எடுத்துக் கொள்ளும் தாமதமே மங்கலுக்கு முழுக் காரணம் எனப் பலர் கருதினர். அதுவும் ஒரு காரணமே. ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. ஓ.எல்.இ.டி. திரைகளின் பிக்சல்கள் ஏறக்குறைய உடனடியாகவே நிறம் மாறுகின்றன. எனினும் 60 ஹெர்ட்ஸில் இயங்கும்போது அவையும் மங்கலாகவே தெரிகின்றன. படம் உறைந்து நிற்கும் நேரம் அங்கும் குறைவதில்லை.

இருளில் பிறக்கும் கூர்மை

எனவே படத்தைக் காட்டும் நேரத்தைக் குறைத்தாக வேண்டும். பின்னொளியை எப்போதும் எரியவிடாமல், பிக்சல்கள் நிறம் மாறி முடியும்வரை அணைத்து வைத்து, பின்னர் ஓரிரு மில்லி விநாடிகள் மட்டும் பளிச்சென ஏற்றுவதே பொறியியலாளர்கள் கண்ட வழி. ஸ்ட்ரோப் பின்னொளி என அழைக்கப்படும் இந்த முறை, பழைய கண்ணாடிக் குழாயின் சிமிட்டலைச் செயற்கையாகத் திரும்பக் கொண்டு வருகிறது எனலாம்.

இது பரவலான வரலாறு சற்று விநோதமானது. 2011இல் என்விடியா நிறுவனம் தனது முப்பரிமாணக் கண்ணாடித் திட்டத்தின் இரண்டாம் பதிப்புடன் லைட்பூஸ்ட் என்ற நுட்பத்தை வெளியிட்டது. ஒரு கண்ணுக்குரிய படம் மறு கண்ணுக்குக் கசியாமல் தடுப்பதும், கண்ணாடி வழியே தெரியும் ஒளியைக் கூட்டுவதுமே அதன் நோக்கங்கள். முப்பரிமாணம் சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் கண்ணாடி இல்லாமல் சாதாரண விளையாட்டுகளிலும் அந்த நுட்பத்தை இயக்கினால் அசைவு மங்கல் பெருமளவு மறைவதை ஆர்வலர்கள் கண்டனர். 2013இல் அதே நிறுவனம் ஜி-சிங்க் நுட்பத்தை அறிவித்தபோது, மங்கலைக் குறைப்பதற்கென்றே யு.எல்.எம்.பி. என்ற தனி வசதியும் உடன் வந்தது. ஏனைய நிறுவனங்களும் வெவ்வேறு பெயர்களில் இதே வசதியை வழங்கத் தொடங்கின.

மெய்நிகர் உலகைக் காட்டும் தலைக்கவசத் திரைகள் இந்த முறையின் பயனை இன்னும் தெளிவாக உணர்த்தின. 2013இல் வந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் முதல் சோதனைக் கவசத்தில், தலையைத் திருப்பினால் காட்சி முழுவதும் மங்கியது. 2014இல் வந்த இரண்டாம் கவசம் ஒவ்வொரு படத்தையும் மிகக் குறுகிய நேரமே காட்டியது, காட்சி தெளிந்தது. இன்று இத்தகைய கவசங்களில் இதுவே பொதுவான நடைமுறையாகியுள்ளது.

ஒளியும் ஒழுங்கும்

இந்தத் தெளிவுக்கு முதலில் கொடுக்க வேண்டிய விலை வெளிச்சம். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் 8.3 மில்லி விநாடிகள் உண்டு. அதில் ஒரு மில்லி விநாடி மட்டும் பின்னொளி எரிந்தால், வழக்கமான வெளிச்சத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடே மிஞ்சும். இதை ஈடுசெய்ய, பளிச்சிடும் அந்தக் கணத்தில் விளக்குகளுக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுக்கப்படுகிறது. அப்படியும் இழப்பு முழுமையாக ஈடாவது அரிது.

அடுத்து, விளையாட்டு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கையும் திரையின் வேகமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். விளையாட்டு விநாடிக்கு 60 படங்களைத் தர, பின்னொளி 120 தடவை பளிச்சிட்டால், ஒரே படம் இரு தடவை காட்டப்படும். இடைப்பட்ட நேரத்தில் கண் நகர்ந்திருப்பதால், ஓர் உருவம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரியும்.

மூன்றாவது, திரையின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. படம் மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது. பின்னொளி பளிச்சிடும்போது திரையின் ஓரிடத்தில் பிக்சல்கள் மாறி முடிந்திருக்கும். வேறோர் இடத்தில் முந்தைய படத்தின் சுவடு எஞ்சியிருக்கும். திரையின் நடுப்பகுதி கூர்மையாகவும், மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ ஆவி போன்ற நிழல் தொடர்வதாகவும் தெரிவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல்

இவை யாவும் தொழில்நுட்பக் குறைகள். சிமிட்டல் அப்படியல்ல, அது பார்ப்பவரின் உடலைச் சார்ந்தது.

விட்டுவிட்டு எரியும் ஒளி எந்த வேகத்தில் தொடர் ஒளியாகத் தோன்றும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பலருக்கு அந்த எல்லை விநாடிக்கு 50 முதல் 90 தடவைக்குள் அமைகிறது. வெளிச்சம் கூடக்கூட அந்த எல்லையும் உயர்கிறது. நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வை சிமிட்டலை எளிதில் உணர்கிறது. ஆகவே திரை பெரிதாகவும் பிரகாசமாகவும் இருந்தால் சிமிட்டல் கூடுதலாக உறுத்தும். மங்கலான திரையை ஈடுகட்ட வெளிச்சத்தைக் கூட்டும் பொறியியலாளர், அதே கையால் சிமிட்டலையும் கூட்டுகிறார்.

விநாடிக்கு 100 தடவையைத் தாண்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் சரியானதல்ல. பிரிட்டனில் ஆர்னல்ட் வில்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அலுவலகக் குழல் விளக்குகள் மின்சாரத்தின் போக்கில் விநாடிக்கு 100 தடவை துடித்துக் கொண்டிருந்தன. அந்தத் துடிப்பு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆயினும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் விளக்குகளைப் பொருத்தியபோது, ஊழியர்களின் தலைவலியும் கண் களைப்பும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன.

கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது சிமிட்டும் ஒளி வரிசையான புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. விநாடிக்கு 500 தடவை சிமிட்டும் காட்சியில்கூட மனிதர்கள் அதன் விளைவுகளைக் காண முடிகிறது என 2015இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று காட்டியது.

வலிப்பு நோய் குறித்த அச்சத்தை இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கு, விநாடிக்கு 15 முதல் 25 தடவை வரையிலான சிமிட்டலே பெரும்பாலும் காரணமாகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, திரையில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறக்குறைய 12 தடவை மாறி மாறிப் பளிச்சிட்டன. விளையாட்டுத் திரைகளின் பின்னொளி இதைவிடப் பன்மடங்கு விரைவாகச் சிமிட்டுகிறது. எனினும் ஒளியால் வலிப்பு வரும் இயல்புடையவர்களும், ஒற்றைத் தலைவலியால் அவதியுறுவோரும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

விதிகள் எங்கே நிற்கின்றன

திரைச் சிமிட்டலுக்குக் கட்டுப்பாடு கோருவது புதிய விடயமல்ல. கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலத்தில், சுவீடனின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.சி.ஓ. அலுவலகத் திரைகளுக்குத் தனது தரச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதன் 1999ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 85 ஹெர்ட்ஸ் வேகத்தை வலியுறுத்தின. நாள் முழுவதும் திரையின் முன் அமர்ந்த ஊழியர்களின் கண்களுக்காக, உற்பத்தியாளர்கள் மீது தொழிற்சங்கம் ஒன்று செலுத்திய அழுத்தம் அது.

இன்று கட்டுப்பாடுகள் விளக்குகளின் பக்கம் சாய்ந்துள்ளன. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.இ.இ.இ. என்ற பொறியியலாளர் அமைப்பு எல்.இ.டி. விளக்குகளுக்கென 2015இல் பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. அதன்படி 120 ஹெர்ட்ஸில் ஒளியின் ஏற்ற இறக்கம் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் தீங்கு குறைவு எனக் கொள்ளலாம். ஸ்ட்ரோப் திரையிலோ ஒளி முழுமையாக அணைந்து எரிகிறது. அதாவது ஏற்ற இறக்கம் நூறு விழுக்காடு. ஐரோப்பிய ஒன்றியமும் 2021 செப்டம்பர் முதல் விளக்குகளின் சிமிட்டலுக்குச் சட்டபூர்வமான வரம்பு விதித்தது. மின்னணுத் திரைகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

கூரையில் தொங்கும் விளக்குக்கு வரம்பு உண்டு. முகத்துக்கு இரண்டடி தூரத்தில் இருக்கும் திரைக்கு அந்த வரம்பு இல்லை என்பது முரணாகத் தோன்றலாம். விளக்கை அலுவலகமோ பள்ளியோ தேர்ந்தெடுக்கிறது. ஸ்ட்ரோப் வசதியைப் பயனாளியே விரும்பி இயக்குகிறார் என்பது இதற்குத் தரத்தக்க பதில். அந்தப் பதில் நியாயமானதே. ஆனால் விரும்பித் தேர்ந்தெடுப்பவருக்குத் தேர்வின் விளைவு தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியின் மீதுள்ள எண்

விளையாட்டுத் திரைகளின் பெட்டிகளில் 'ஒரு மில்லி விநாடி' என்ற எண் பரவலாகக் காணப்படுகிறது. அது இரு வேறு பொருள்களில் பயன்படுத்தப்படுகிறது. ஒன்று, பிக்சல் ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கு மாறும் நேரம், இது ஜி.டி.ஜி. எனக் குறிக்கப்படுகிறது. மற்றொன்று, அசையும் படம் கண்ணுக்குத் தெரியும் நேரம், இது எம்.பி.ஆர்.டி. எனப்படுகிறது.

இரண்டாவது எண் ஒன்றாக இருக்க வேண்டுமானால், 144 ஹெர்ட்ஸ் திரையில் பின்னொளி சிமிட்டியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஏனெனில் அந்த வேகத்தில் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 7 மில்லி விநாடிகள் நிற்கும். அதே பெட்டியின் இன்னொரு மூலையில் 'சிமிட்டல் அற்ற திரை' என்ற வாசகமும் இருக்கலாம். இரண்டும் தனித்தனியே உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது.

அடுத்து என்ன

இந்தப் பேரத்திலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. இருளைப் புகுத்தாமல், உண்மையான படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அது. விநாடிக்கு 1,000 படங்களை 1,000 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால், சிமிட்டல் இல்லாமலேயே ஒரு மில்லி விநாடித் தெளிவு கிடைக்கும். 2020இல் 360 ஹெர்ட்ஸ் திரைகளும், 2023இல் 500 ஹெர்ட்ஸைத் தாண்டிய திரைகளும் விற்பனைக்கு வந்தன. ஆனால் அத்தனை படங்களை உருவாக்க வல்ல கணினி விலை மிகுந்தது. எல்லா விளையாட்டுகளிலும் அது இயலுவதுமில்லை.

மறுபுறம், ஸ்ட்ரோப் முறையைச் செம்மைப்படுத்தும் முயற்சிகளும் தொடர்கின்றன. படங்களின் வேகம் மாறிக் கொண்டிருக்கும்போதும் பின்னொளியைச் சீராகப் பளிச்சிடச் செய்யும் நுட்பத்தை 2019இல் ஏசஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்தது. 2024 ஜனவரியில் என்விடியா அறிவித்த பல்சார் என்ற நுட்பமும் அதே இலக்கை நோக்கியதே. இவை இரட்டை உருவத்தையும் நிழலையும் குறைக்கலாம். பின்னொளி அணைந்து எரிவதை அவை நீக்குவதில்லை.

அதுவரை பயனாளிகள் செய்யக்கூடியவை சில உண்டு. எழுதும்போதும் வாசிக்கும்போதும் இந்த வசதியை அணைத்து வைப்பது நல்லது. அசையாத எழுத்துகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. விளையாட்டிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக அதை இயக்காமல் இருப்பது உகந்தது. பளிச்சிடும் நேரத்தைக் கூட்டும் தெரிவு திரையில் இருந்தால், சிறிது தெளிவை விட்டுக் கொடுத்துக் கூடுதல் வெளிச்சம் பெறலாம். திரை சிமிட்டுகிறதா என்ற ஐயம் எழுந்தால், வெண்மையான திரையின் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் ஒளி தொடர்ச்சியானது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் ஒளி சிமிட்டுகிறது.

கண்ணாடிக் குழாய்த் திரையின் சிமிட்டலிலிருந்து அலுவலக ஊழியர்களை விடுவித்தது எல்.சி.டி. திரை. அந்தச் சிமிட்டலையே இன்று ஒரு சிறப்பு வசதியாக மீண்டும் விலை கொடுத்து வாங்குகிறோம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரு மில்லி விநாடி என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அந்த எண் கிடைக்கும்போது திரை எவ்வளவு மங்குகிறது, எத்தனை தடவை சிமிட்டுகிறது என்ற இரு விவரங்களையும் உற்பத்தியாளர்கள் அச்சிட வேண்டும். அவற்றை அளப்பது கடினமல்ல. அச்சிடுவதற்கு ஆகும் செலவும் மிகச் சொற்பமே.