சரிந்த எண் எல்லாம் தைராய்டு நோயல்ல

நிமோனியாவோ நச்சுக் காய்ச்சலோ கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் விரைவது பழவேற்காட்டுக் குப்பங்களின் பெற்றோருக்குப் புதிதல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'டி3 குறைவு' என்றிருந்தால், தைராய்டு நோயும் சேர்ந்துவிட்டதோ, ஆயுள் முழுவதும் மாத்திரையோ என்ற அச்சம் பற்றிக்கொள்கிறது. மீன்பிடிப் பொருளாதாரம் பற்றிய களப்பணிக்குச் சென்ற என்னிடமே இதைச் சிலர் கேட்டதுண்டு; பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' செய்த வேலை அது. விடை தேடிப் படித்ததைப் பகிர்கிறேன்.

தைராய்டு சுரப்பி பெருமளவில் சுரப்பது, நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட டி4. கல்லீரல் முதலிய உறுப்புகளில் ஒரு நொதி அவற்றில் ஒன்றைக் கழற்றும்போதுதான் வீரியமிக்க டி3 உருவாகிறது. கடும் நோயில் இம்மாற்றம் தடைபடுகிறது. செயலற்ற வேறொரு வடிவம் மிகுகிறது. நோய் நீடித்தால் டி4-உம் குறையும். சுரப்பியே பழுதானால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, டி.எஸ்.எச். ஹார்மோனைப் பெருக்கி அதைத் தூண்டும். இங்கோ டி.எஸ்.எச். இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கிறது. சிகிச்சையில் தரப்படும் டோபமைனும் ஸ்டீராய்டும்கூட அதைத் தாழ்த்தும்.

மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் பழவேற்காட்டுக்குரியது. தன் முறை வராத நாளில் குடும்பம் செலவைச் சுருக்கும். அதனால் அந்த வீடு நொடித்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. நோயின் தொடக்க நாள்களில் உடலும் இவ்வாறே ஆற்றலைச் சேமிக்கிறது என்பது மருத்துவர் பலரின் கருத்து. வாரக்கணக்கில் நீளும் நோயில் இச்சுருக்கம் தீங்காகுமா என்பதில் அவர்களிடையே உடன்பாடில்லை.

டி3 மிகச் சரிந்த குழந்தைகளுக்கு நோயும் கடுமையாக இருக்கிறது. அதற்காக, எண்ணை உயர்த்தினால் நோய் தணியும் என்றாகாது. உடன்நிகழ்வைக் காரணமாகக் கொள்ளும் இப்பிழையை வகுப்பறையில் ஆண்டுதோறும் திருத்தியவன் நான். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு டி3 செலுத்திய ஆய்வொன்று 2010-இல் வெளியானது. 5 மாதத்துக்கு உட்பட்ட சிசுக்கள் செயற்கைச் சுவாசத்திலிருந்து விரைவில் விடுபட்டனர். மூத்த குழந்தைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை.

பிறவித் தைராய்டு குறைபாடு முற்றிலும் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து மையங்களில் நடத்திய ஆய்வில் சென்னையில்தான் அது மிக அதிகம்: 727 குழந்தைகளுக்கு ஒன்று. முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்காவிட்டால் அறிவு வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றும். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே அதைக் காட்டிவிடும். குப்பங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு செலவிட வேண்டியது இதற்குத்தான்.

தீவிர சிகிச்சையிலிருந்து மீண்ட குழந்தையின் பெற்றோர், டி3 எண்ணை மட்டும் கண்டு கடன் வாங்கி அலைய வேண்டாம். டி.எஸ்.எச். எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்கலாம். மீளும் கட்டத்தில் அது சற்று உயர்வதும் உண்டு. குழந்தை தேறிச் சுமார் ஆறு வாரங்கள் கழித்து மறுபரிசோதனை செய்வதே வழக்கம். முன்பிருந்தே தைராய்டு மாத்திரை உண்ணும் குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது; அதை நிறுத்தலாகாது.