முகமறிந்த வாணிகம்

கைப்பேசியிலேயே கடை நடத்துகிறவர் ஊர் ஊராகச் சென்று மனிதரைப் பார்க்க வேண்டிய தேவை என்ன? இக்கேள்வியை இன்று பலர் எழுப்புகின்றனர். படம் அனுப்பினால் பொருள் தெரிகிறது. விலை எழுதினால் பேரம் முடிகிறது. பணம் நொடியில் வந்து சேர்கிறது. கூரியர்க்காரர் வாசலுக்கே வந்து பொட்டலத்தை எடுத்துச் செல்கிறார். இத்தனை வசதிக்குப் பிறகும் நேரில் பழகுவதற்கு மதிப்பு உண்டா என்பதை, ஆந்திர மாநிலத்தின் சித்தூர் வட்டாரத்தை முன்னிறுத்தி இங்கே ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் 'நெட்வொர்க்கிங்' என்று வழங்கும் சொல்லுக்கு 'வலையமைத்தல்' என்று தமிழாக்கம் செய்வோர் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் உவப்பானதன்று. வலை என்றவுடன் மீன் பிடிக்கிறவரும் பிடிபடுகிற மீனும் நினைவுக்கு வந்துவிடுகின்றனர். 'பழக்கம்' என்ற எளிய சொல்லே இப்பொருளைச் செவ்வையாகச் சுமக்கும். 'அவர் நமக்குப் பழக்கமானவர்' என்று கூறும்போது, அதில் உறவும் இல்லை, நட்பும் முழுமையாக இல்லை. ஆயினும் ஏதோ ஓர் உறுதி இருக்கிறது. அவ்வுறுதியே வாணிகத்துக்கு வேண்டியது.

சித்தூருக்கு அருகில் உள்ளது கங்காதர நெல்லூர். பென்னை ஆற்றங்கரையில் உள்ள நெல்லூர் மாநகரம் வேறு, இது வேறு. பொட்டலத்தின்மேல் முகவரி எழுதுவோர் இதை மறக்கலாகாது. சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே இங்குள்ள தமிழர் பலர், பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்ற தமிழரைப் போல இடம் பெயர்ந்து வேற்று மாநிலத்தவர் ஆனவர் அல்லர். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், கோடுதான் பெயர்ந்தது. சித்தூரைக் கடந்து செல்லும் நீவா நதி தமிழ்நாட்டில் பொன்னை என்ற பெயருடன் பாலாற்றில் கலப்பது போல, இவர்களுடைய கொள்வினை கொடுப்பினையும் வேலூர், காட்பாடி, திருத்தணி என்று எல்லையைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வட்டாரத்தின் விளைபொருள்களுள் தலையாயவை மாம்பழமும் வெல்லமும். இவ்விரண்டையும் இணையத்தின் வழியே விற்க முற்படும்போது எழும் சிக்கலை, வெல்லத்தைக் கொண்டு விளக்குவது எளிது.

கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சும்போது, சுண்ணாம்பும் வெண்டைச் செடியின் பசையும் இட்டு அழுக்கை எடுப்பது பழைய முறை. அவ்வாறு செய்த வெல்லம் செம்பழுப்பாகவோ சற்றுக் கறுத்தோ இருக்கும். 'ஹைட்ரோஸ்' என்னும் இரசாயனத்தைச் சேர்த்தால் அது பொன் மஞ்சளாக வெளுத்துவிடும். நேரில் வாங்குகிறவர் ஒரு துண்டை உடைத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், நாவில் வைப்பார். கைப்பேசித் திரையில் இம்மூன்றும் இயலா. கண் ஒன்றுக்கே அங்கு வேலை. கண்ணுக்கோ வெளுத்த வெல்லமே அழகு. எனவே, நேர்மையாகக் காய்ச்சியவருடைய சரக்கு படத்தில் தோற்றுப் போகிறது. அவர் அதிக விலை கேட்டால் 'கறுப்பு வெல்லத்துக்கா இந்த விலை?' என்பர், குறைந்த விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

1970-இல் ஜார்ஜ் அக்கெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டி இதே சிக்கலை ஆராய்ந்தார். பொருளின் தரம் விற்கிறவருக்குத் தெரிந்து வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். நம் கரும்பாலைக் கொட்டகையில் கொப்பரைக் கிண்டுகிறவர் இதைப் பரிசு பெறாமலே அறிவார்.

இதற்குப் பரிகாரமாக இணைய அங்காடிகள் நட்சத்திரக் குறிகளையும், வாங்கினோர் கருத்துரைகளையும் ஏற்படுத்தியுள்ளன. அவை பயனற்றவை அல்ல. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் நட்சத்திரத்தை யார் இடுவார்? அங்கேதான் பழக்கம் வேண்டியிருக்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பத்து வீட்டாருக்கு ஒரு மாலையில் வெல்லத்தை உடைத்துக் கையில் கொடுத்து, ஏன் கறுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறவர், அதன் பிறகு ஆண்டு முழுவதும் கைப்பேசியிலேயே அவர்களுக்கு விற்கலாம். இணையம் அங்கே கடையாக நிற்கிறது. அந்த ஒரு மாலைதான் அக்கடைக்கு அடித்தளம்.

காளஹஸ்தியின் கலம்காரித் துணிக்கும் இது பொருந்தும். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் பெற்ற கறுப்பு மசியால் மூங்கில் எழுதுகோல் கொண்டு வரைந்து, மீண்டும் மீண்டும் நீரில் அலசி முடிக்கும் கலை அது. புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்துள்ளது. எனினும் இயந்திரத்தில் அச்சடித்த துணியும் 'கலம்காரி' என்ற பெயராலேயே திரையில் விற்கிறது. கையால் இழுத்த கோட்டின் ஏற்றத்தாழ்வை ஒருமுறை அருகிருந்து கண்டவர் பிறகு ஏமாறுவது அரிது. காணாதவருக்கு எவ்வளவு எழுதி விளக்கினாலும் ஐயம் நீங்குவதில்லை.

தொலைவிலிருந்து விற்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று. நம் பாட்டனார் காலத்தில் மருந்தும் புத்தகமும் கைக்கடிகாரமும் 'வி.பி.பி.'யில் வந்தன, தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். இன்று பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறை அதன் பேரனே ஆகும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் விற்றவருக்கு இருவழிச் செலவும் நட்டம் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலோ இன்னும் வியப்புக்குரியது. கடலுக்கு அப்பால் உள்ள கடையின் உண்டிச்சீட்டு இங்கே பணமாயிற்று. காகிதத்தில் இருந்த கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? ஒன்பது நகரக் கோயில்களிலும் திருமண வீடுகளிலும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்ட சமூகம் அது. வாக்குத் தவறியவர் அடுத்த திருவிழாவில் யார் முகத்தில் விழிப்பார்? மும்பைப் பங்குச் சந்தையின் தோற்றமும் 1850-களில் தரகர்கள் ஆலமரத்தடியில் கூடிப் பேசியதில்தான் இருக்கிறது. 1875-இல் அவர்கள் சங்கமாயினர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நெருங்கிய உற்றார் உறவினர் இருக்கும்போது புதியவரின் பழக்கம் எதற்கு? 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலறிஞர் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். உதவியவரை அடிக்கடி சந்திப்பதுண்டு என்றோர் 100-க்கு ஏறத்தாழ 17 பேர். எப்போதாவது சந்திப்போம் என்றோர் 56 பேர். அரிதாகவே சந்திப்போம் என்றோர் 28 பேர். காரணம் எளிது. நம் தம்பிக்கும் மைத்துனருக்கும் தெரிந்தது நமக்கும் முன்பே தெரியும். புதுச் செய்தி சற்றே எட்டி நிற்பவரிடமிருந்துதான் வரும்.

2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 45 பேர் 450 அந்நியர்களிடம் ஒரு சிறு வினாத்தாளை நிரப்பித் தரும்படி கேட்டனர். பாதிப்பேர் மின்னஞ்சலில் கேட்டனர். பாதிப்பேர் நேரில் சென்று கேட்டனர். நேரில் கேட்டதற்குக் கிடைத்த இசைவு 34 மடங்கு. மின்னஞ்சல் அனுப்பியவர்களோ, நேரில் கேட்டால் கிடைக்கும் அளவு இசைவு தங்களுக்கும் கிடைக்கும் என்றே எண்ணியிருந்தனர். வினாத்தாள் நிரப்புவது வேறு, வெல்லம் வாங்குவது வேறு; 34 என்ற எண்ணை அப்படியே கடைக்குக் கொண்டுவருதல் கூடாது. திரைக்குப் பின்னால் இருப்பவர் தம் சொல்லின் வலிமையை மிகையாக மதிப்பிடுகிறார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இனி, இணையக் கடைக்காரர் பலர் எண்ணிப் பாராத ஓர் இடர் உண்டு. அவர் கடை வைத்திருக்கும் இடம் அவருடையதன்று. 2020 ஜூன் 29-இல் 'டிக்டாக்' செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதன் வழியே வாடிக்கையாளரைச் சேர்த்தவர்களுக்கு அச்சேர்க்கை ஒரே நாளில் கைநழுவிற்று. 2021 அக்டோபர் 4-இல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. வாடிக்கையாளரின் வீடு தெரிந்தவரும், பெயரை நோட்டில் எழுதி வைத்திருந்தவரும் மறுநாள் தொழிலைத் தொடர்ந்திருப்பர். எண்ணிக்கையை மட்டும் அறிந்தவர் யாரைத் தேடிப் போவார்?

மாம்பழத்தின் செய்தி இதனினும் கடுமையானது. சித்தூர் வட்டாரத்தில் மிகுதியாக விளையும் தோத்தாபுரி, கூழ் ஆலைகளை நம்பி வளர்க்கப்படும் இனம். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில், ஆலைகளில் பழைய கூழ் தேங்கிக் கிடக்க, விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மாநில அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 8 ரூபாய் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆலை வாசல்களில் பழவண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வருவதும் அந்த ஜூன் மாதத்தில் தடுக்கப்பட்டது. கர்நாடக அரசு அதை எதிர்த்தது. டன் கணக்கான ஆலைப்பழத்தைப் பெட்டி பெட்டியாக இணையத்தில் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று நாம் கூறமாட்டோம். அது இயலாத காரியம். ஆயினும் தோட்டத்தில் ஒரு பகுதியேனும் பங்கனப்பள்ளி போன்ற உண்ணும் பழமாக இருந்து, அதை நேரே வாங்க நகரங்களில் தெரிந்த வீடுகள் சில இருக்குமாயின், ஆலை வாசலில் நிற்கும் விவசாயியின் கை சற்று ஓங்கும். பெட்டியில் இரண்டு பழம் அழுகியிருந்தால் பழக்கப்பட்டவர் போன் செய்து சொல்வார். முகமறியாதவர் ஒற்றை நட்சத்திரம் இட்டுவிட்டுப் போவார்.

நேர்ப் பழக்கத்தைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மண்டியிலும் திருமண வீட்டிலும் எல்லாரும் ஒரே வகையாக வரவேற்கப்பட்டதில்லை. சாதியும் குடும்பப் பெருமையும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. கங்காதர நெல்லூர் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. இவ்வட்டாரத்தின் உழைப்பாளிகளுள் பலருக்கு மண்டியின் உள்வாசல் எளிதில் திறந்ததில்லை. வீட்டைவிட்டு வெளியே செல்ல வாய்ப்பில்லாத பெண்களுக்கும் அவ்வாறே. இவர்களுக்குக் கைப்பேசி தந்த விடுதலை சிறிதன்று. திரையில் யாரும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பதில்லை. ஆகவே பழைய வாசலுக்கே திரும்புங்கள் என்பது நம் கருத்தன்று. புதிய வாசல்கள் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் பல நகரங்களில் நடத்தும் 'சரஸ்' கண்காட்சி அத்தகையது. அங்கே குழுவின் பெயரால் சென்று, தம் கையாலேயே ஊறுகாயைச் சுவைக்கக் கொடுக்கும் பெண்ணுக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படாது.

ஆனால் கண்காட்சிக்குச் சென்றுவிட்டாலே போதும் என்றும் எண்ணற்க. நூறு அட்டைகளை வாங்கிச் சட்டைப்பையில் அடைத்துக்கொண்டு வருவோரை நாம் கண்டிருக்கிறோம். ஊர் திரும்பியதும் அவை மேசை இழுப்பறையில் உறங்கும். ஐந்து பேரிடம் நின்று பேசி, ஒரு வாரத்துக்குள் அவர்களுக்குக் கடிதமோ செய்தியோ அனுப்பினால் அதுவே பெரிது. விற்பதைவிடக் கேட்பது பல வேளைகளில் இலாபம் தரும். எந்த அட்டைப்பெட்டி கோடையில் பழத்தைக் காக்கும், எந்தக் கூரியர் திங்கட்கிழமை ஏற்றுகிறது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுக்கு எங்கே போவது என்பனவற்றைச் சக வியாபாரி ஒருவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

வரிச் சட்டத்தில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுவோம். 2023 அக்டோபர் 1 முதல், சிறு வியாபாரிகள் தம் மாநிலத்துக்குள் மட்டும் இணைய அங்காடிகளின் வழியே பொருள் விற்பதாயின், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை. மாநில எல்லையைக் கடந்தால் இச்சலுகை இல்லை. கங்காதர நெல்லூரிலிருந்து விசாகப்பட்டினம் வரை அனுப்பலாம். கூப்பிடு தூரத்தில் உள்ள வேலூருக்கு அனுப்பச் சட்டம் வேறு. எல்லையோரத் தமிழர் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இலும் தோன்றியவை. இத்தகைய சங்கங்களின் பொங்கல் விழாவில் ஊர்ச் சரக்குக்கு ஒரு மேசை ஒதுக்கினால் சங்கத்துக்குச் செலவு ஏதுமில்லை. ஊரிலிருந்து வருகிறவருக்கோ அது புது நகரத்தில் முதல் இருபது முகங்களைத் தரும்.

காலமும் இதற்கு இசைவாகவே அமைந்திருக்கிறது. தோத்தாபுரிப் பருவம் ஜூலையோடு ஏறக்குறைய முடிகிறது. கரும்பு வெட்டிக் கொப்பரை ஏற்றுவதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளியில் சித்தூரில் இரயில் ஏறினால் காட்பாடி. அங்கிருந்து ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர். தில்லிக்குப் போகிறவர், பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14-இல் தொடங்கும் வணிகக் கண்காட்சியைக் கணக்கில் வைத்துப் பயணச்சீட்டை முன்பதிவு செய்துகொள்ளலாம்.