சிரியத்துக்கு லேட்டாகப் போன கப்பல்

ஆவடியில ரயில் ஏறி, பீச்சில் இறங்கி, பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டுட்டு வந்த மறுநாள் இந்த எபிசோடைப் பேசுறேன். கூட வந்த நண்பன் கேட்டான்: "அந்த நாட்டில எல்லாருமே பர்மியர்தானே?" இல்லை. யாங்கூன் இருக்கிற தெற்குப் பகுதி ரொம்பக் காலம் மோன் மக்களின் நாடு. அதை அவங்க ஒருமுறை மீட்டும் காட்டினாங்க.

1740. வரிச்சுமை தாங்காமல் பெகு நகரில் மோன்கள் கிளர்ந்து தனி அரசு அமைத்தார்கள். 1752-ல் பர்மியத் தலைநகர் ஆவாவையே பிடித்துவிட்டார்கள். ஆனால் வடக்கே மோக்சோபோ என்ற ஊரின் தலைவர் ஒருத்தர் பணிய மறுத்தார். பேர் அலாங்பயா. 1755-ல் அவர் தெற்கே இறங்கி டகோனைப் பிடித்து, யாங்கூன்னு பெயர் வைத்தார். பகை ஒழிந்ததுன்னு அர்த்தம். பகைன்னு அவர் சொன்னது மோன்களைத்தான்.

இங்கதான் நம்ம கடற்கரை உள்ளே வருது. 1751-லேயே பாண்டிச்சேரியிலிருந்து டூப்ளே, புரூனோ என்ற ஆளைப் பெகுவுக்கு அனுப்பியிருந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியது துறைமுகமும் கப்பல் கட்டத் தேக்கும். இதைப் பார்த்துப் பதறிய சென்னைக் கோட்டை, 1753-ல் நெக்ரைஸ் தீவில் ஆட்களை இறக்கியது. மோன் ராஜாவின் சம்மதத்துக்குக்கூட அவங்க காத்திருக்கல.

1756-ல் அலாங்பயா சிரியம் துறைமுகத்தை முற்றுகையிட்டார். உள்ளே மோன்களோடு புரூனோவும் மாட்டிக்கொண்டார். பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த கலாத்தே கப்பல், ஊர் விழுந்த பிறகுதான் ஆற்றுமுகத்துக்கு வந்தது. புரூனோவை மிரட்டி ஒரு கடிதம் எழுதவைத்து, அதைக் காட்டியே கப்பலை உள்ளே வரவழைத்தார்கள். பீரங்கி, துப்பாக்கி, பீரங்கிக்காரர்கள் எல்லாம் அலாங்பயா கைக்குப் போச்சு. புரூனோவைக் கொன்றார்கள். மோன்களுக்காக அனுப்பிய ஆயுதம் மோன்கள் மேலேயே திரும்பியது. 1757-ல் பெகு வீழ்ந்தது.

சரி, கப்பல் நேரத்துக்குப் போயிருந்தா? சிரியம் இன்னும் சில மாசம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான்னு நினைக்கிறேன். நாட்டின் பெரும்பகுதி அதுக்குள்ள அலாங்பயாவிடம் போயிருந்தது. நான் மாற்றிப் பார்க்க விரும்புற வருஷம் 1754. அந்த வருஷம்தான் டூப்ளேவைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் இருந்து, சில நூறு வீரர்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் பெகு பிழைத்திருக்கலாம். அலாங்பயாவின் மகன் 1767-ல் அயுத்தயாவை அழிக்கும் வாய்ப்பும் வந்திருக்காது. பாங்காக் இன்னிக்கும் ஒரு சின்ன ஊராவே இருந்திருக்குமோ என்னவோ!

ஆனா அப்படிப் பிழைத்த பெகு சுதந்திரமா இருந்திருக்குமா? அதுல எனக்குச் சந்தேகம். அதே காலத்தில் இங்கே ஆற்காட்டு நவாப் முகமது அலியைப் பாருங்க. கம்பெனி உதவியில் ஆட்சி, அதுக்கு விலையா ஊர் ஊரா நிலம். நம்ம பூந்தமல்லியும் அந்தக் கணக்கில் போனதுதான். பெகு ராஜாவும் பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படித்தான் கடன்பட்டிருப்பார். 1761-ல் பாண்டிச்சேரியே ஆங்கிலேயரிடம் விழுந்துச்சு. அடுத்த கப்பல் சென்னையிலிருந்து நேரா சிரியத்துக்குப் போயிருக்கும். நிஜத்தில் 1824-ல் மெட்ராஸ் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு யாங்கூனுக்குப் போன பயணம், அறுபது வருஷம் முன்னாடியே நடந்திருக்கும்.

தோற்ற மோன்கள் பலர் சயாமுக்கு ஓடினாங்க. அவங்க வம்சம் இன்னிக்கும் தாய்லாந்தில் இருக்கு. பர்மாவில் மோன் மாநிலம்னு ஒண்ணு 1974-ல் வந்தது. பெகு அதுக்குள்ள இல்லை.