எண்ணெயின் அமுக்கமும் வெப்பமும்: டேர்போ எஞ்சினின் நோயறி முறை

மனிதனின் உடல்நலத்தை ஆராயப் புகும் வைத்தியர் முதற்கண் நாடியைப் பார்க்கிறார். அடுத்து உடற்சூட்டை அளக்கிறார். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இவையிரண்டும் உள. எண்ணெயின் அமுக்கமே அதன் நாடி. எண்ணெயின் வெப்பநிலையே அதன் உடற்சூடு. இவற்றைக் காட்டும் முள்ளும் விளக்கும் சாரதியின் கண்ணெதிரே அமைந்திருப்பினும், அவை உண்மையில் எதனைக் கூறுகின்றன என்பதை அறிந்தோர் தொகை சிறிதே. அதனாற் குற்றமற்ற உறுப்புக் கழற்றி எறியப்படுவதும், குற்றமுள்ள உறுப்பு உள்ளேயே கிடந்து புதிதாகப் பூட்டியதையும் கெடுப்பதும் நிகழ்கின்றன. டேர்போ பூட்டிய எஞ்சினில் இத்தகைய பிழைக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஆகவே அமுக்கமும் வெப்பமும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன, அவற்றின் மாறுபாடுகளிலிருந்து நோயின் மூலத்தை எவ்வாறு காண்பது என்பனவற்றை இங்கு ஒழுங்குபட நோக்குவாம்.

டேர்போவின் இயல்பு

எஞ்சினிலிருந்து வெளியேறும் எரிந்த வாயுவோடு பெருமளவு சக்தி வீணே கழிகின்றது. அவ்வாயுவைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தாற் புறக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குட் செலுத்துவதே டேர்போவின் வேலை. காற்று மிகுதியாகப் புகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வலுவைத் தரும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரெட் பியூகி 1905 ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். பெரிய டீசல் எஞ்சின்களிலும் விமானங்களிலும் முதலில் வழங்கிய இக்கருவி, 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்பயர், செவ்ரொலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர் என்னும் கார்களில் இடம் பெற்றுப் பொதுமக்களை அடைந்தது.

டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேற் சுழல்வது. சிறிய டேர்போக்களில் இரண்டு இலட்சத்தையும் எட்டும். அதன் ஒரு முனை 900 பாகை செல்சியசு அளவு வெப்பமுடைய வாயுவில் நிற்கின்றது. பெரும்பாலான டேர்போக்களில் இத்தண்டைத் தாங்கும் பெயாரிங்குகளாகிய போதிகைகளிற் குண்டுகள் இல்லை. எண்ணெய்ப் படலத்தின்மீதே தண்டு மிதக்கின்றது. அவ்வெண்ணெய் எஞ்சினின் எண்ணெயேயாம். அது மெல்லிய குழாய் வழியாக வந்து, போதிகையை நனைத்து, அங்குள்ள வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு, தடித்த குழாய் வழியாகத் தன் பாரத்தினாலேயே கீழே வடிந்து தொட்டியை அடைகின்றது. ஆதலால் உராய்வை நீக்குதல், வெப்பத்தை அகற்றுதல் என்னும் இரு கடமைகளில், இரண்டாவது டேர்போ எஞ்சினின் எண்ணெய்க்கு மிகப் பாரமானதாகின்றது.

அமுக்கம் எதனைக் காட்டுகின்றது?

அமுக்கமானியின் முள், எஞ்சினிலுள்ள எண்ணெயின் அளவைக் காட்டுவதாகப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. எண்ணெய்ப் பம்பி ஒரு சுற்றுக்கு இவ்வளவு என எண்ணெயைத் தள்ளுகின்றது. தள்ளப்பட்ட எண்ணெய் போதிகைகளின் ஒடுங்கிய இடைவெளிகளினூடு வெளியேறும்போது எதிர்ப்படும் தடையே அமுக்கமாகத் தோன்றுகின்றது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் உள்ளே அமுக்கம் கூடுவதும், விரலை எடுத்தாற் குறைவதும் யாவரும் கண்டவையே. அமுக்கம் எல்லை மீறாதிருக்க மிகையமுக்க வால்வு ஒன்று திறந்து, மிகுதியான எண்ணெயைத் திருப்பிவிடுகின்றது.

போதிகையிற் பாரத்தைத் தாங்குவதும் பம்பியின் அமுக்கமன்று. 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பார் புகையிரத அச்சுக்குரிய போதிகையொன்றை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காக அதன் மேற்புறத்தில் இட்ட துளையினூடு எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார். கட்டை வெளியே தள்ளப்பட்டது. அமுக்கமானியைப் பொருத்தியபோது, போதிகைமீது இருந்த சராசரிப் பாரம் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலாக இருப்பவும், முள் 200 இறாத்தலைக் கடந்து சென்றது. சுழலும் அச்சு தானே எண்ணெயை ஆப்புப் போன்ற இடைவெளிக்குள் இழுத்து அவ்வமுக்கத்தை உண்டாக்குகின்றது என்பதை ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் 1886 ஆம் ஆண்டில் கணிதவாயிலாக நிறுவினார். எனவே பம்பியின் கடமை அப்படலத்துக்கு எண்ணெயை இடையறாது வழங்குவதே. அமுக்கமானி காட்டுவது அவ்வழங்கலின் அறிகுறி மாத்திரமேயாம்.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கின்றது. அமுக்கம் குறைவதற்கு மூலகாரணங்கள் மூன்றே: எண்ணெயின் வருகை குறைதல், எண்ணெய் நீர்த்துப் போதல், அது வெளியேறும் வழி அகலுதல். இம்மூன்றனுள் எதுவெனக் காண்பதே நோயறிதலாகும்.

வெப்பமும் பிசுக்குமையும்

பௌதிகம் பயிலும் மாணவர் பிசுக்குமையை அறிவர். வெப்பம் ஏற ஏறத் திரவத்தின் பிசுக்குமை குறையும். எண்ணெயில் இக்குறைவு மிக விரைவானது. 10டபிள்யூ-40 என்னும் தர எண்ணெயின் பிசுக்குமை 40 பாகையில் இருப்பதிலும் 100 பாகையில் ஏறக்குறைய ஏழிலொரு பங்காகச் சுருங்குகின்றது. ஆகவே காலையிற் குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் முள் உயர்ந்து நிற்பதும், நெடுந்தூரம் ஓடியபின் மந்த ஓட்டத்தில் அது தாழ்வதும் இயல்பே. வெப்பத்தை அறியாது அமுக்கத்தை மாத்திரம் கூறுதல் பொருளற்ற கூற்றாகும்.

ஓடிச் சூடேறிய எஞ்சினில் எண்ணெய் 90 பாகைக்கும் 110 பாகைக்கும் இடையில் இருப்பது பொதுவழக்கு. 130 பாகையைத் தாண்டித் தொடர்ந்து நிற்குமாயின் காரணத்தைத் தேடவேண்டும். சூடான எஞ்சினில் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அமுக்கம் வேண்டும் என்பது தொழிலாளரிடை வழங்கும் ஒரு விதி. இது வழிகாட்டி மாத்திரமே. முடிந்த பிரமாணம் தயாரித்தோர் வெளியிட்ட நூலில் உள்ள அளவேயாம்.

வெப்பமும் அமுக்கமும் ஒன்றையொன்று கெடுக்கவும் வல்லன. வெப்பம் மிகின் எண்ணெய் நீர்க்கும். நீர்த்தாற் படலம் மெலியும். படலம் மெலிந்தால் உராய்வு கூடும். உராய்வு மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வட்டம் முற்றுமுன் அதனை அறுத்தல் வேண்டும்.

சாட்சியை முதலிற் சோதித்தல்

அமுக்க விளக்கு ஓட்டத்தின்போது எரிந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்துக. பல வண்டிகளில் அமுக்கம் ஏறக்குறைய 7 இறாத்தலுக்குக் கீழ் வீழ்ந்த பின்னரே அவ்விளக்கு எரியும். எனவே அஃது எச்சரிக்கையன்று, ஏறத்தாழ இறுதி அறிவித்தலே.

அடுத்து, அளவுகோலை இழுத்து எண்ணெயின் மட்டம், நிறம், மணம் என்பவற்றைப் பார்க்க. மட்டம் தாழ்ந்திருப்பின் பம்பி காற்றையும் சேர்த்து இழுத்திருக்கும். மட்டம் காரணமின்றி உயர்ந்து பெற்றோல் மணம் வீசின், எரிபொருள் கலந்து எண்ணெய் நீர்த்துள்ளது. 2018 ஆம் ஆண்டில் ஹொண்டாவின் 1.5 லீற்றர் டேர்போ எஞ்சின்கள் சிலவற்றில், குளிர்மிக்க நாட்டுப் பகுதிகளிற் குறுந்தூர ஓட்டத்தின்போது இந்நிலை நேர்ந்தது. வெப்பம் மாத்திரமன்றிக் குளிரும் எண்ணெயை நீர்க்கச்செய்யும் என்பதற்கு இது சான்று.

இதன்பின் கருவியையே சோதித்தல் வேண்டும். மின்னுணரி பழுதுறுவதும், மின்கம்பி தளர்வதும் சாதாரணம். உணரியைக் கழற்றி அவ்விடத்தில் நேரடியான அமுக்கமானியைப் பூட்டி, எஞ்சினை நன்கு சூடாக்கி, மந்த ஓட்டத்திலும் 2000, 3000 சுற்றுக்களிலும் அளந்து எழுதுக. நீரின் வெப்பமானியையும் முற்றாக நம்பலாகாது. இக்காலக் கார்கள் பலவற்றில், நீர் 75 பாகையிலிருந்து 105 பாகை வரை மாறினும் முள் நடுவிலேயே நிற்குமாறு அமைத்துள்ளனர். எண்ணெயின் வெப்பத்தையோ அம்முள் ஒருபோதும் கூறுவதில்லை.

அமுக்கக் குறிகள்

அளந்த எண்களைத் தனித்தனியே நோக்காது, அவை மாறும் போக்கை நோக்குதல் வேண்டும்.

குளிரில் நன்றாக இருந்து, சூடேறியதும் மந்த ஓட்டத்தில் மிகத் தாழ்ந்து, சுற்றுக் கூடும்போது உயருமாயின், எண்ணெய் நீர்த்துள்ளது அல்லது போதிகைகள் தேய்ந்துள்ளன. உரிய தரமுள்ள புதிய எண்ணெயை இட்டு மீண்டும் அளக்க. அமுக்கம் மீளுமாயிற் குற்றம் பழைய எண்ணெயில். மீளாவிடின் போதிகைகளையும் பம்பியையும் ஆராய்க.

மந்த ஓட்டத்தில் ஓரளவு நின்று, சுற்றுக் கூடக் கூட உயராது தாழுமாயின், வருகை தடைப்பட்டுள்ளது. பம்பி கேட்கும் அளவை உறிஞ்சு குழாயின் வலைவடி விடுவதில்லை. இது மிக ஆபத்தான குறி.

எல்லாச் சுற்றுக்களிலும் திடீரெனத் தாழ்ந்தால், மிகையமுக்க வால்வு அழுக்கினால் திறந்தபடி சிக்கியிருக்கலாம். வளைவிலும் கடுந்தடுப்பிலும் மாத்திரம் தாழ்ந்தால், தொட்டியில் எண்ணெய் போதாது ஒருபுறம் ஒதுங்குகின்றது எனக் கொள்க.

அமுக்கம் மிகுதல் நன்மையென எண்ணுவதும் பிழையே. சூடான எஞ்சினில் முள் அளவுக்கு மீறி நின்றால், வால்வு மூடியபடி சிக்கியிருத்தல் கூடும். அன்றி, வழியெங்கேனும் அடைபட்டு, அடைப்புக்கு அப்பாலுள்ள போதிகைகள் பட்டினி கிடத்தலும் கூடும்.

வெப்பக் குறிகள்

எண்ணெயும் நீரும் ஒருங்கே சூடேறினால் ரேடியேற்றர், தேர்மோஸ்டாட், விசிறி, நீர்ப்பம்பி ஆகியவற்றை நாடுக. நீர் இயல்பாயிருக்க எண்ணெய் மாத்திரம் சூடேறினால், எண்ணெய் குளிர்த்தி அடைபட்டிருக்கலாம். டேர்போவின் காற்றமுக்கம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். தீப்பொறி பிந்தி எரிந்த வாயு மிகச் சூடாக வெளியேறலாம். எண்ணெய் குளிர்த்தி நீராற் குளிர்வதாயின், அதன் உட்சுவர் வெடித்தபோது ஓட்டத்தில் அமுக்கம் மிகுந்த எண்ணெயே நீருக்குட் செல்லும். நீர்க்கலத்தில் எண்ணெய் மிதப்பது இதன் அடையாளம்.

டேர்போவிலிருந்து நீலப்புகை வந்தால் உடனே டேர்போவைக் குற்றஞ்சாட்டுதல் தகாது. திரும்பு குழாய் அடைபட்டாலும், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டாலும், வடிய வழியற்ற எண்ணெய் தண்டின் ஓரமாகக் கசிந்து எரியும்.

ஓர் உதாரணம்

1990களின் பிற்பகுதி முதல் 2004 வரை விற்கப்பட்ட வொக்ஸ்வாகன் பசாற், அவுடி ஏ4 கார்களின் 1.8 லீற்றர் டேர்போ எஞ்சின்கள் இவ்விளக்கம் அனைத்துக்கும் தக்க சான்றாவன. டேர்போவின் வெப்பத்தாலும், பொருத்தமற்ற எண்ணெயை நெடுநாள் மாற்றாது விட்டமையாலும், எண்ணெய் கசடாகத் திரண்டு உறிஞ்சு குழாயின் வலைவடியை அடைத்தது. வெப்பம் பிறப்பித்த நோய் அமுக்க விளக்கிலே வெளிப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அமெரிக்காவில் இக்கேட்டுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகளாக நீடித்து, செயற்கை எண்ணெயையே இடுமாறு வற்புறுத்தியது.

இத்தகைய எஞ்சினில் விளக்கு எரிந்ததும் உணரியை மாற்றுபவன் சாட்சியின் வாயை அடைக்கிறான். டேர்போ சத்தமிட்டதும் டேர்போவை மாத்திரம் மாற்றுபவன் புதிய டேர்போவையும் அதே பட்டினியிற் பூட்டுகிறான். அதுவும் விரைவில் மடியும். தொட்டியை இறக்கி வலைவடியைக் காண்பவனே நோயைக் காண்கிறான். அவ்வேலைக்குப் பிடிக்கும் நேரம் சிறிது. அதனைத் தவிர்ப்பதால் இழக்கப்படுவது முழு எஞ்சின்.

முடிவுரை

வருமுன் காக்கும் வழி எளிது. தயாரித்தோர் விதித்த தரமுள்ள எண்ணெயை உரிய தவணையில் மாற்றுக. பில்ற்றரையும் உடன் மாற்றுக. ஏற்றத்திலோ அதிவேகத்திலோ ஓடிவந்த எஞ்சினை உடனே நிறுத்தாது ஓரிரு நிமிடம் மந்தமாக ஓடவிடுக. இல்லையேல் ஓட்டமற்று நிற்கும் எண்ணெய் டேர்போவின் வெப்பத்திற் கருகிக் கரியாகும். டேர்போவின் நடுப்பகுதிக்கு நீர் பாய்ச்சும் முறை இக்கேட்டைக் குறைக்கிறதேயன்றி முற்றாக ஒழிப்பதில்லை.

நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்தை நாடவேண்டுமென வைத்தியனுக்கு விதித்த ஒழுங்கு, எஞ்சினைப் பழுதுபார்ப்பவனுக்கும் முற்றும் பொருந்தும். அமுக்கத்தை வெப்பத்தோடும், வெப்பத்தைச் சுற்றோடும் சேர்த்து வாசித்து, மூன்று மூலகாரணங்களில் இரண்டை விலக்கி ஒன்றை நிலைநாட்டிய பின்னரே கருவிப்பெட்டியைத் திறத்தல் வேண்டும். விஞ்ஞானக் கல்வி வகுப்பறைச் சுவர்களுக்குள் நின்றுவிடாது தொழிற்சாலையிற் பயன் தருவது இவ்வாறேயாம்.